இருந்தாளாம்

முதல் பாடத்தின் முதல் வரியிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"டீச்சர், இதில் பதினொன்று எங்கிருந்து வந்தது?"

'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்ற வரி. அவள் எழுத்துக்கூட்டி 'ஒன்ஸே' என்றுதான் வாசித்தாள். ஸ்பானிஷில் அதே நாலு எழுத்து அதே வரிசையில் பதினொன்று. ஒரு நேரத்தின் மேல் பதினொன்று! இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த 'அப்பான்' எதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "அப்படித்தான் சொல்வார்கள், அப்படியே விழுங்கிவிடு" என்றேன். விழுங்கினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

2010-ம் வருஷம் அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம். திருவனந்தபுரம் சாஸ்தமங்கலத்தில் ஒரு ஃப்ளாட்டின் மூன்றாவது மாடி. கொலம்பியாக்காரி; முப்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்கு டெக்னோபார்க்கில் இரண்டு வருஷ வேலை. நாலு வயசுப் பையன் பக்கத்து நர்சரியில் சேர்ந்திருந்தான். அங்கே மாதம் ஒரு அம்மா வந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் ஒரு கதை சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம். இவள் முறை வர மூன்று மாதம் இருந்தது. "எனக்கு இலக்கணம் வேண்டாம், பத்து நிமிஷக் கதை சொல்ல வந்தால் போதும்" என்றாள். இவ்வளவு நேர்மையான மாணவி அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

கரமனையிலிருந்து பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் மாறி, வாரம் மூன்று நாள் போவேன். எனக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்து தெரியாது. அவளுக்கு என்னிடம் என்ன கிடைக்கும் என்று முதல் வாரம் எனக்கே சந்தேகமாக இருந்தது. இரண்டாவது வாரம் அந்தச் சந்தேகம் போய்விட்டது. அதற்குக் காரணம் நான் படித்த இங்கிலீஷ் இல்லை. நான் பட்ட மலையாளம்.

1976-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தவள் நான். சாலைக் கடைத்தெருவில் அவருக்குக் கணக்குப்பிள்ளை வேலை. மலையாளம் என்ன பெரிய மலையாளம், பாதி தமிழ்தானே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்த்தது. வந்த மறு வாரம் பக்கத்து வீட்டுச் சேச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எந்தா விசேஷம்?" என்று கேட்டாள். எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, இப்படியா கேட்பாள் என்று, "அதெல்லாம் இன்னும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். என்ன சமாசாரம் என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். குடிக்க வெள்ளம் கேட்டால் வெள்ளம் எங்கே வந்தது என்று பார்த்தேன். 'அவசரம் கிட்டியில்லா' என்று ஒருவர் சொன்னபோது, அவசரமில்லையே, மெதுவாகச் செய்யட்டுமே என்று நினைத்தேன். அவர் தனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார். ரேஷன் கடையில் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் 'ஒந்நு சம்சாரிக்கணம்' என்றதும் நான் நாலடி தள்ளிப் போய் நின்றதை இங்கே விவரிக்க வேண்டாம்.

தெரியாத சொல் ஏமாற்றாது. முழிப்போம், கேட்போம், தெரிந்துகொள்வோம். தெரிந்த முகத்தோடு வரும் சொல்தான் நடு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு வேறு ஒன்றைச் சொல்லும். தமிழுக்குப் பக்கத்தில் மலையாளம் எப்படியோ, அப்படித்தான் அவளுடைய ஸ்பானிஷுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ். லத்தீனிலிருந்து வந்த சொற்கள் இரண்டிலும் கொட்டிக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் நல்லவை, மீதி கண்ணி.

ஒரு நாள் வீட்டுப்பாடமாக ராஜா ராணிக் கதை ஒன்று எழுதச் சொல்லியிருந்தேன். அவள் எழுதிக்கொண்டு வந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ராணிக்கு வெட்கமாகப் போயிற்று, அதைக் கேட்டு ராஜா ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். இளவரசன் ஒரு சிவப்புக் கயிற்றை உடுத்திக்கொண்டு புறப்பட்டான். வழியில் ஒரு கிழவி அவனுக்குச் சூடாக ஒரு கிண்ணம் சோப்பு கொடுத்தாள். கடைசியில் இளவரசனுக்குப் பெரிய வெளியேறும் வழி கிடைத்தது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். 'எம்பராசாதா' என்றால் அவர்களுக்குக் கர்ப்பிணி. அதைத்தான் 'எம்பாரஸ்ட்' ஆக்கியிருக்கிறாள். 'ரோப்பா' உடுப்பு, 'ரோப்' ஆகிவிட்டது. 'சோப்பா' என்பது சூப். 'எக்ஸிதோ' வெற்றி, அதை 'எக்ஸிட்' என்று எழுதிவிட்டாள். நான் பதிலுக்கு என் 'விசேஷம்' கதையைச் சொன்னேன். வெட்கமும் கர்ப்பமும் அங்கேயும் இங்கேயும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். அன்றைக்குத்தான் எனக்கு அவள் மாணவி ஆனாள் என்று சொல்ல வேண்டும்.

உச்சரிப்பில் எங்களுக்குள் சண்டையே இல்லை. 'ஸ்கூல்' அவள் வாயில் 'எஸ்கூல்', 'ஸ்டோரி' அவள் வாயில் 'எஸ்டோரி'. எங்கள் ஊரில் 'இஸ்கூல்'. சகாரத்தை மெய்யாகச் சொல்லின் முதலில் வைத்துத் தொடங்க இரண்டு மொழிக்கும் நாக்கு வராது. முன்னால் ஓர் உயிரெழுத்தை முட்டுக் கொடுத்துக்கொள்வோம். ராமனை இராமனாக்கியவர்கள் அவளைத் திருத்துவதா? மேஜையைக் காட்டி எங்கள் ஊரில் மேசை என்போம் என்றதும் துள்ளினாள். அவளுக்கும் அது 'மேசா'. அலமாரி அவளுக்கு 'அர்மாரியோ', துவாலை 'தோவாயா', மலையாளத்துக் குசினி 'கொசினா'. போர்த்துக்கீசியக் கப்பல்கள் இறக்கிவிட்டுப் போனவை இவை. ஸ்பானிஷுக்குப் போர்த்துக்கீசியம் உடன்பிறப்பு; கேரளத்து வீட்டுக்குள்ளேயே அவளுக்கு ஒரு சித்தி வீடு இருந்தது.

கொலம்பியா என்று சொன்னால் திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர்கள் 'ஹிகிட்டா' என்று திருப்பிச் சொன்னார்கள். அவளுக்கு முதலில் பயம்கூட. இந்த ஊருக்குப் பந்தாட்டப் பைத்தியம் என்று விளக்கினேன். ரெனே ஹிகிட்டா, தன் கோல் வலையை விட்டு வெளியே ஓடிவந்து ஆடும் கோலி. 1990 உலகக் கோப்பையில் அப்படி ஓடிவந்து, கேமரூன் வீரர் ரோஜர் மில்லாவிடம் பந்தைப் பறிகொடுத்தவர். அந்த வருஷமே என்.எஸ். மாதவன் அவர் பெயரையே தலைப்பாக வைத்து மலையாளத்தில் ஒரு சிறுகதை எழுதினார். டில்லியில் ஒரு பாதிரியார். ஒரு ஏழைப் பெண்ணைத் தொல்லை செய்கிற ரவுடியை, வலையை விட்டு வெளியே வரும் கோலியைப் போலத் தன் இடத்தை விட்டு இறங்கி வந்து எதிர்கொள்கிறார். கதையை நான் சொல்லச் சொல்ல அவள் வாய் பிளந்து கேட்டாள். தன் ஊர்க்காரன் செய்த ஒரு தவறு, ஏழு கடல் தாண்டி ஒரு வீரக் கதை ஆகியிருக்கிறது. உன் நாட்டு எழுத்தாளர் மார்க்கேஸை இங்கே மலையாளத்தில் எல்லாரும் படித்திருக்கிறார்கள் என்றேன். தமிழில் அவருடைய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவல் 2013-ல்தான் வந்தது, ஞாலன் சுப்பிரமணியன், சுகுமாரன் மொழிபெயர்ப்பில். அதற்குள் அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

தொல்லை வந்தது கதைக்கலைச் சொற்களில். அவள் எங்கிருந்தோ ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தாள். அதில் ஒரு மலைப் படம். அடிவாரத்தில் செட்டிங், ஏற்றத்தில் கான்ஃப்ளிக்ட், உச்சியில் கிளைமாக்ஸ், இறக்கத்தில் ரெசல்யூஷன், தரையில் மாரல். எந்தக் கதையையும் அந்த மலையில் ஏற்றி இறக்க வேண்டும். அவளுக்கோ 'பிளாட்' என்பது 'அர்குமென்தோ'. அதனால் 'இந்தக் கதையின் வாக்குவாதம் என்னவென்றால்' என்று தொடங்குவாள். கதாபாத்திரத்துக்கு 'பெர்சொனாஹே', 'கேரக்டர்' என்றால் அவளுக்குக் குணம் மட்டும். 'முயலுக்கு கேரக்டர் இல்லை' என்று ஒரு நாள் எழுதினாள். சரித்திரத்துக்கும் கதைக்கும் அவர்களுக்கு ஒரே சொல்தான், 'இஸ்தோரியா'. இது பிழை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் அந்த மலையோடு மல்லுக்கட்டினோம். அவளுடைய கதை செத்துப்போயிற்று. வீட்டு வேலை செய்ய வரும் பெண்ணிடம் கையும் காலும் ஆட்டி அருமையாகக் கதை பேசுகிறவள், என் முன்னால் உட்கார்ந்தால் கான்ஃப்ளிக்டைத் தேடினாள். நான் பாளையத்துக்குப் போனேன். அங்கே ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி, 1829-ல் தொடங்கியது. ஐயப்பப் பணிக்கர் எழுதிய 'இந்தியன் நேரட்டாலஜி'யை எடுத்தேன். இதே ஊரில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்த மலையாளக் கவிஞர். புத்தகம் 2003-ல் வந்தது. கதைக்குள் கதையாக அடுக்கிக்கொண்டே போவது, காலத்தை ரப்பர் மாதிரி இழுப்பது, தொடங்கிய இடத்துக்கே சுற்றி வருவது, இதெல்லாம் நம் கதைசொல்லலின் குணம் என்று அவர் பிரித்துப் பிரித்துச் சொல்லியிருந்தார். இங்கிலீஷ் படிப்பித்த ஒருவர் அந்த மலைப் படத்துக்கு வெளியே நிற்கத் துணிந்தது எனக்குத் தெம்பாக இருந்தது. இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டே தமிழில் எழுதிய நகுலனும் இந்த ஊர்க்காரர்தான். ஊர் ராசி போலிருக்கிறது.

மறுநாள் பயிற்சிப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைக்கச் சொன்னேன். "உன் பாட்டி சொன்ன கதை ஒன்று சொல். ஸ்பானிஷிலேயே சொல்."

சொன்னாள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை, கதை மட்டும் முழுக்கப் புரிந்தது. தலையில் ஏதோ சுமந்து நடக்கிறாள் ஒருத்தி. நடந்துகொண்டே விரல் விட்டு எண்ணுகிறாள். கோழி மாதிரி ஒரு சத்தம், பன்றி மாதிரி ஒரு சத்தம், மாடு மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு துள்ளல். கீழே பார்த்து ஒரு முழி.

"பால்காரி!" என்று கத்திவிட்டேன்.

எங்கள் ஆச்சி சொன்ன கதை. மனக்கோட்டை கட்டியவள் கதை. "ஒரு ஊர்ல ஒரு பால்காரி இருந்தாளாம்ட்டி" என்று தொடங்குவாள். நாங்கள் 'உம்' கொட்ட வேண்டும். ஒரு 'உம்' தவறினால் கதை அங்கேயே நின்றுவிடும். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடாவிட்டால் புலவர் எப்படி நிற்பாரோ, அப்படி.

அவர்களுக்கு அது 'லெச்சேரா'வின் கதை. நடக்காத காரியத்துக்குக் கணக்குப் போடுகிறவனைப் பார்த்து 'பால்காரி கதை' என்று சொல்லுவது அங்கே வழக்குச் சொல்லே ஆகிவிட்டதாம். இது எங்கள் பஞ்சதந்திரத்திலிருந்து உங்களுக்கு வந்தது என்றேன். அவள் நம்பவில்லை, ஸ்பெயினிலிருந்து வந்தது என்றாள். அவள் சொன்னதும் சரிதான். பஞ்சதந்திரத்தில் பால்காரி இல்லை, ஒரு பிராமணன். பானை நிறைய மாவைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டுப் படுத்திருக்கிறான். பஞ்சம் வரும், மாவு விற்கும், ஆடு வாங்குவேன், மாடு, எருமை, குதிரை, வீடு, பெண்டாட்டி, பிள்ளை. பிள்ளைக்குப் பேரும் வைத்தாயிற்று, சோமசர்மா. பெண்டாட்டியை உதைப்பதாக நினைத்துக் காலை வீசுகிறான், பானை உடைகிறது, ஆள் வெள்ளையாகிறான். ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பா கையில் அரபியாகி, 1251-ல் அல்ஃபோன்ஸோ என்ற இளவரசன் சொல்ல ஸ்பானிஷானது இந்தக் கதைக்கொத்து. 'கலீலா இ திம்னா' என்று பெயர். பஞ்சதந்திரத்து நரிகள் கரடகனும் தமனகனும்தான் அந்தத் தலைப்பில் இருக்கிறார்கள். அதில் மாவு தேனும் நெய்யுமாகித் தலையில் வழிகிறது. அதே அல்ஃபோன்ஸோவின் தம்பி மகன் தோன் ஹுவான் மனுவேல் 1335-ல் முடித்த புத்தகத்தில் பிராமணன் பெண்ணாகிறான். தேன் பானையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடக்கிறாள். பால் பிறகு வந்தது. பால்காரியாகி, ஐரோப்பா முழுக்கச் சுற்றி, வெள்ளைக்காரர் பாடப்புத்தகத்தில் ஏறி எங்கள் ஆச்சி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டாள். நாம் அனுப்பிய பிராமணனை அடையாளம் தெரியாமல் பால்காரியாக வரவேற்றுத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறோம்.

"அப்படியானால் இதைத்தான் சொல்வேன்" என்றாள் அவள்.

அதற்கு முன் ரஃபாயேல் போம்போவின் பாட்டுக் கதை ஒன்றைச் சொல்ல நினைத்திருந்தாள். கொலம்பியாவில் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க்கில் இருந்தபோது, அங்குள்ள பதிப்பகம் ஒன்றுக்காக இங்கிலீஷ் நர்சரிப் பாட்டுகளைத் தழுவி அவர் எழுதியவை அவற்றில் பல. இங்கிலீஷிலிருந்து போனதை இங்கிலீஷுக்குத் திருப்பித் தருவானேன் என்று விட்டுவிட்டாள்.

இனிக் கதையை இங்கிலீஷில் ஆக்க வேண்டும். அவள் சொன்னாள், 'வாஸ் எ கேர்ல். வென்ட் டு மார்க்கெட். வாஸ் ஹேப்பி.' யார் போனாள்? அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. 'போனாள்' என்றால் போதாதா? வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறாளே. 'பேசினேன், பேசினாய், பேசினான்' என்று நான் சொல்ல, 'ஆப்லே, ஆப்லாஸ்தே, ஆப்லோ' என்று அவள் சொன்னாள். இரண்டு மொழியிலும் வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். மலையாளமோ அந்த வாலை என்றைக்கோ நறுக்கிவிட்டது. ஞானும் வந்நு, அவனும் வந்நு, அவளும் வந்நு. கரமனைக்கு வந்த புதிதில், "வந்நு" என்று யாராவது சொன்னால் யார் வந்தது என்று வாசலை எட்டிப் பார்ப்பேன். இங்கிலீஷும் அந்த ஜாதி. "ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஆளைப் பிடித்து நிறுத்து, இல்லாவிட்டால் அனாதையாகிவிடும்" என்று சொல்லிக்கொடுத்தேன்.

'அபியா உனா பெஸ்' என்று அவர்கள் கதை தொடங்கும். ஒரு தடவை இருந்தது என்று அர்த்தம். அவர்களுக்கும் இங்கிலீஷ்காரருக்கும் காலம் முதலில் வேண்டும். நமக்கு ஊர் வேண்டும். எந்த ஊர் என்று சொல்லாவிட்டாலும் ஒரு ஊர் வேண்டும். மலையாளத்தில் 'பண்டு பண்டு ஒரிடத்து' என்று இரண்டையும் வைத்துக்கொள்வார்கள், கெட்டிக்காரர்கள்.

ஒரு மாலை, மழை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் கேட்டாள், "உங்கள் பாட்டி சொன்னதை உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்." சொன்னேன். இருந்தாளாம், போனாளாம், நினைச்சாளாம், சிரிச்சாளாம். அவள் இடையில் கையைக் காட்டி நிறுத்தினாள். "கடைசியில் எல்லாவற்றிலும் ஒரு 'ஆம்' வருகிறதே, அது என்ன?"

நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டது என்று அர்த்தம் என்றேன். எங்கள் ஆச்சிக்கு அவள் ஆச்சி சொன்னது. பொய்யென்றால் எங்கள் மேல் பழி இல்லை, மெய்யென்றால் எங்களுக்குப் பெருமை இல்லை.

"திஸ்கே!" என்றாள். எழுந்தே நின்றுவிட்டாள். அவர்கள் ஊரில் பேச்சில் அப்படி ஒரு சொல் உண்டாம். 'சொல்கிறார்கள்' என்பது தேய்ந்து ஒட்டிக்கொண்டது. அவளுடைய பாட்டி அதைப் போடாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டாளாம். பள்ளிக்கூடத்தில் எழுதினால் அடித்துவிடுவார்களாம், நாட்டுப்புறப் பேச்சு என்று. "இங்கிலீஷில் அதற்கு என்ன?"

மலையாளத்தில் உடனே சொல்லிவிடலாம், 'அத்ரே'. இங்கிலீஷில்? யோசித்தேன். 'தே ஸே' என்று ஒருமுறை சொல்லலாம், வாக்கியத்துக்கு வாக்கியம் சொன்னால் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடும். நாம் தென்னாட்டுக்காரர்கள் வாக்கியத்தின் வாலில் 'இட் ஸீம்ஸ்' என்று ஒட்டுவோமே, நினைவுக்கு வந்தது. 'ஷி வென்ட் டு மார்க்கெட், இட் ஸீம்ஸ்.' போனாளாம். அப்படி எழுதிய பிள்ளைகளின் நோட்டில் இருபத்தெட்டு வருஷம் சிவப்பு மையால் அடித்தவள் நான். "இங்கிலீஷ்காரன் இப்படிச் சொல்ல மாட்டான், நாங்கள் சொல்வோம். தப்பு. நீ சொல்லாதே" என்றேன்.

மாரல் என்ன சொல்வது என்று நர்சரியிலிருந்து கேட்டு அனுப்பியிருந்தார்கள்; நோட்டீஸ் பலகையில் எழுதிப்போட வேண்டுமாம். அவள் பாட்டி மாரல் எதுவும் சொன்னதில்லை. பால் கொட்டியதும் எல்லாரும் சிரிப்பார்கள், தூங்கப் போவார்கள். என் ஆச்சியும் அப்படியே. ஒரு பெண் நடந்துகொண்டே கோழி, மாடு என்று ஆசைப்பட்டதற்கு நாலு வயசுக் குழந்தைக்கு என்ன புத்தி சொல்வது? எனக்கு இதில் வெளிப்படையான கட்சி உண்டு: மாரல் கேட்கிறவர்கள் கதையைக் கேட்பதில்லை. அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன்.

அந்த நாளும் வந்தது. கடைசி வரிசையில் குட்டி நாற்காலி ஒன்றில் எப்படியோ பொருந்தி உட்கார்ந்தேன். முப்பது குழந்தைகள். அவள் தலையில் ஒரு எவர்சில்வர் குடம், சாலையில் நான் வாங்கிக் கொடுத்தது. 'ஒன்ஸ்' என்றாள், பதினொன்று இல்லாமல். பிறகு என்ன நினைத்தாளோ, 'இன் எ வில்லேஜ்' என்று ஊரையும் சேர்த்துக்கொண்டாள். 'தேர் வாஸ் எ மில்க் கேர்ல், இட் ஸீம்ஸ்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் நிறுத்தவில்லை. 'ஷி வாக்ட், இட் ஸீம்ஸ். ஷி தாட், இட் ஸீம்ஸ்.' மூன்றாவது தடவை முன்வரிசையில் ஒரு குழந்தை 'உம்' என்றது. அப்புறம் இன்னொன்று. அவள் கோழியானாள், பன்றியானாள், பசுவானாள். ஒரு பையன் எழுந்து, பால் மில்மாவிலிருந்து வாங்கியதா என்று மலையாளத்தில் கேட்டான். அவள் புரியாமலே 'யெஸ்' என்றாள். குடம் விழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள்.

முடிந்ததும் வகுப்பாசிரியை என் பக்கம் குனிந்தாள். சின்னப் பெண், நல்ல பெண். "கத அஸ்ஸலாயி சேச்சி. ஆ 'இட் ஸீம்ஸ்' மாத்திரம் தெற்று. ஆரு படிப்பிச்சதாணோ?"

"ஆரோ படிப்பிச்சதத்ரே" என்றேன்.